ஒழுகும் காருக்காகப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய மகனுக்கு

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும். தீபாவளிக்கு எடுத்த சட்டை தோளில் சரியாக உட்கார்ந்தது என்று உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆகவே நலம் விசாரிக்கவில்லை. உன் கார் சரியாகிவிட்டது. நான்தான் சரிசெய்தேன். சிதம்பரத்தில், உன் மாமனார் வீட்டுக் கொட்டகையில், தரையில் சாக்கு விரித்துப் படுத்து. கையில் இன்னும் துரு நாற்றம் இருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

இதை உன் மெட்ராஸ் விலாசத்துக்கு அனுப்பவில்லை. பத்திரிகைக்கு அனுப்புகிறேன். முன்பு எழுதியதற்கெல்லாம் நீ அம்மாவுக்குப் பதில் போட்டாய். அப்பா சும்மா இருக்கட்டும் என்று. சும்மா இருந்து பார்த்தாயிற்று. அச்சில் வந்தால் உன் ஆபீஸில் யாராவது படிப்பார்கள். படித்துவிட்டு, "இதப் பாருப்பா, யாரோ ஒரு அப்பன் எழுதியிருக்கான்" என்று உன்னிடம் நீட்டுவார்கள். நீ படித்தாக வேண்டியிருக்கும். ஊர்ப் பெயர்களைத் தவிர வேறு பெயர் எதுவும் இதில் இல்லை. எழுதலாமா என்று உன் மனைவியைக் கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க மாமா" என்றாள். போடவில்லை. உன் பெயரையும் போடவில்லை. அது உன் மேல் உள்ள கரிசனம் அல்ல. அது நான் வைத்த பெயர்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்த விதத்தில் அல்ல. பெண் பார்க்கப் போன அன்று, தெற்கு வீதியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், கேசரியைத் தின்று முடித்த கையோடு உன் தாய்மாமன் ஆரம்பித்தான். "பையன் இன்ஜினியரு. மெட்ராஸ்ல இருக்கான். பஸ்ஸுல தொங்கிக்கிட்டா ஆபீசு போவான்?" எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமனாரும் சிரித்தார். ஜவுளிக் கடைக்காரர். வாடிக்கையாளர் எது சொன்னாலும் சிரித்துப் பழகிய முகம். "அதெப்படிங்க, பாத்துச் செஞ்சிடலாம்" என்றார். புதுக் காருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் காலம் இது. அவருக்கு வைகாசிக்குள் வேண்டும். பரங்கிப்பேட்டையில் ஒருவரிடமிருந்து வாங்கினார். புது மாடல்தான். ஓட்டமும் அதிகமில்லை. ஆனால் கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி வளர்த்த வண்டி. உப்புத் தண்ணீர். அந்தப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது. வாயில் வைத்தால் துப்பிவிடுவோம். இரும்பு துப்பாது.

நீ காரைக் கேட்கவில்லை என்பாய். உண்மைதான். உன் மாமன் கேட்டான். நீ தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையை மடித்தாய். மடித்து முடித்ததும் இன்னொரு முறை மடித்தாய். நான் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே மிச்சக் கேசரியைத் தின்றேன்.

கல்யாணம் முடிந்து கடலூருக்கு வரும்போது புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வண்டி கொதித்தது. நான் பின்சீட்டில் இருந்தேன். பானெட்டிலிருந்து ஆவி. எல்லாரும் இறங்கினோம். அவள் கூறைப்புடவையோடு ரோட்டோரம் கருவேல நிழலில் நின்றாள். நீ பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தாய். பிறகு திரும்பி அவளைப் பார்த்தாய். பார்வை மாறவில்லை. வண்டியை எப்படிப் பார்த்தாயோ அப்படியே அவளையும் பார்த்தாய். எங்கே குறை, யார் இதை என் தலையில் கட்டினார்கள் என்கிற பார்வை. அவளும் அதைக் கண்டாள். புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். சித்திரை வெயில் தணியாத நாள். போர்த்திக்கொள்ளும் குளிர் இல்லை.

அப்புறம் செம்மண்டலத்தில் நம் வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றது. காலையில் அடியில் ஓர் ஈரத் திட்டு. லீவில் இருந்தவரை நீ தினமும் குனிந்து அந்தத் திட்டைப் பார்த்தாய். இன்ஜினியரிங் படித்தவன். சட்டை அழுக்காகும் என்று அடியில் படுக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பட்டறைக்காரரிடம் ஓட்டிக்கொண்டு போனாய். அவர் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே பார்த்துவிட்டுச் சொன்னார். "பிளாக்கே போச்சு சார். வேற இன்ஜின்தான் போடணும்." அவருக்கு அதில் வருமானம். உனக்கு அதில் என்ன கிடைத்தது என்று பல நாள் யோசித்தேன். ஏமாற்றப்பட்டவன் என்கிற பட்டம். அது கையில் இருந்தால் எதையும் செய்யலாம் அல்லவா. நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது உன் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு திருப்தி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உன்னோடு சேர்ந்து சாப்பிட உட்கார முடியவில்லை. பசி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது நடந்த ஒன்று. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் ஒரு கொய்யாப்பழம் வாங்கினாய். பாதி தின்றபின் புழு. மீதிப் பாதியை எச்சிலோடு பழம் விற்ற அம்மாளிடம் கொண்டுபோய் நீட்டி, இரண்டு முழுப் பழம் வாங்கி வந்தாய். உன் அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். "எம் புள்ளைய யாரும் ஏமாத்த முடியாது." நானும் சிரித்தேன். அந்த அம்மாள் எச்சில் பழத்தை என்ன செய்திருப்பாள் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் உள்ளது. அவர்கள் வந்து அழைப்பார்கள், பிள்ளை வீட்டார் அனுப்புவார்கள், ஆவணி பிறந்ததும் போய்க் கூட்டி வருவார்கள். மெட்ராஸிலிருந்து வந்த நீ அவர்கள் வரும்வரை காத்திருக்கவில்லை. அந்த ஒழுகும் வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனாய். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. போய் வண்டியையும் அவளையும் ஒன்றாக விட்டுவிட்டு ரயிலேறி வந்தாய். எனக்கு அப்போது புரியவில்லை. ரிப்பேருக்கு விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரவேண்டும் என்று உன் மாமனாரும் மாமியாரும் நேரில் வந்து அழைத்தார்கள். நீ வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தீபாவளி அன்று நம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாய். தலை தீபாவளி என்பது பெண்ணின் தெருவே பார்க்கிற காரியம். யார் வீட்டு வாசலில் முதல் வெடி வெடிக்கிறது என்று பார்ப்பார்கள். தெற்கு வீதியில் அவர்கள் வீட்டு வாசல் சும்மா இருந்தது.

மறுநாளே நான் போயிருக்க வேண்டும். மழை. மழை விட்டதும் போனேன். போவதற்கு முன்பு ஒரு காரியம் செய்தேன். யுத்தத்தின்போது, பி.ஏ. முடித்த கையோடு, ராணுவ வண்டிப் பட்டறையில் இருந்தவன் நான் என்பதை நீ மறந்திருப்பாய். மஞ்சக்குப்பத்து ஆபீஸில் கோப்புகளைத் தள்ளிக்கொண்டிருப்பவனாகத்தான் உனக்கு என்னைத் தெரியும். ஒழுகல் பிளாக்கின் பக்கத்திலிருந்து என்று நீ சொன்னபோதே எனக்குச் சந்தேகம். பிளாக் என்கிற இன்ஜினின் இரும்பு உடலை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடும் வழிக்காக மண் அச்சு வைப்பார்கள். வார்த்தபின் அந்த மண்ணை வெளியே எடுக்கப் பக்கங்களில் ஓட்டைகள் விடுவார்கள். மண்ணை எடுத்ததும் ஓட்டையைச் சின்னத் தகட்டு மூடி வைத்து அடைப்பார்கள். வெல்ஷ் பிளக் என்பார்கள் எங்கள் பட்டறையில். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து உப்பினால் அந்த மூடி தெறித்து விழும், பிளாக் பிழைக்கும் என்று வெள்ளைக்கார சார்ஜண்ட் சொல்லுவான். கடலூரில் ஐஸ் மீன்கூடைக்குள் மட்டும்தான் இருக்கிறது. இங்கே மூடி தெறிப்பதில்லை. உப்பில் அரித்து ஊசிமுனைத் துளை விழுகிறது. அவ்வளவுதான் உன் வண்டிக்கு வந்த கேடு. திருப்பாதிரிப்புலியூர் கடையில் அந்த மாடலுக்கு உரிய மூடிகளைக் கேட்டேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். சீவல் பொட்டலம் மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு குடும்பம் நின்றுபோனதற்கான காரணம் பையில் எடையே இல்லாமல் இருந்தது.

சம்பந்தி வாசலுக்கே ஓடி வந்தார். செருப்பு போடவில்லை. நாற்காலி, விசிறி, காபி. நான் உட்காரவில்லை. வண்டி எங்கே என்றேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. வண்டியைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறேன் என்றா, வேறு வண்டி கேட்க வந்திருக்கிறேன் என்றா, எது அவர் மனசில் ஓடியது என்று தெரியவில்லை. சட்டையைக் கழற்றி, கொண்டுபோயிருந்த பழைய காக்கி நிக்கரைப் போட்டுக்கொண்டு, சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். அவர் அழாக்குறையாக நின்றார்.

"சம்பந்தி, எழுந்திருங்க சம்பந்தி. நீங்க போயி இதுல படுக்கலாமா? ஊரு பாத்தா என்னா சொல்லும்?"

"மெக்கானிக்குன்னு நெனச்சிக்கும்."

"ஐயோ, மாப்ள வீட்டுக்காரங்க நீங்க."

"அதனாலதான் படுத்திருக்கேன். அந்தச் சுத்தியல எடுங்க."

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "யாரு, புது மெக்கானிக்கா? கடலூரு ஆளா?" சம்பந்தி சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கொட்டகை வாசலிலிருந்து அவள் பதில் சொன்னாள். "ஆமாங்க. கடலூருதான். என் மாமனாரு." பக்கத்து வீட்டுத் தலை மறைந்துவிட்டது. அவள் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நம் வீட்டில் இருந்த நாட்களில் சிரித்திருக்கலாம். எனக்குக் கேட்டதில்லை.

டார்ச்சை அவள் பிடித்தாள். சம்பந்தி கடைக்குப் போய் ஆளை வைத்துவிட்டு வருகிறேன் என்று போனார். அந்தக் காட்சியிலிருந்து தப்பிக்கத்தான் போனார். மூடிகள் புகைபோகும் இரும்புக் கிளைக்குப் பின்னால் இருந்தன. அதைக் கழற்ற வேண்டும். போல்ட்டுகள் உப்பில் இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஊறும் நேரத்தில் அவள் காபி கொண்டுவந்தாள். நான் கார்ச் சக்கரத்தில் சாய்ந்து குடித்தேன். அப்போதுதான் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். நீ உன் மாமனாருக்கு ஆபீஸ் டைப்ரைட்டரில் இங்கிலீஷில் அடித்து அனுப்பினாயே, அது. குறைபாடுள்ள பொருளை ஒப்படைத்தது பற்றி. மேற்படி குறை நிவர்த்தி செய்யப்படும் வரை தங்கள் மகள் தங்கள் இல்லத்திலேயே இருக்கலாம் என்பது பற்றி. உன் மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. அது உனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் என்று சந்தோஷமாகக் கடையிலிருந்து எடுத்து வந்து, படித்துச் சொல்லும்மா என்று மகளிடம் கொடுத்திருக்கிறார். அவள் வரிவரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாத்தையும் சொன்னியா?"

"சொன்னேன் மாமா. ஒரு வார்த்தைக்கு மட்டும் அப்பா கேட்டாரு, பொருளுன்னா வண்டியா உன்னையான்னு. வண்டிதான்ப்பான்னேன்."

"அப்புறம்?"

"திரும்பப் படிச்சுப் பாத்தேன். எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு."

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். உன்னைப் படிக்கவைக்கும்போது இங்கிலீஷில் சுருக்கமாக எழுது, அலங்காரம் வேண்டாம் என்று உனக்குச் சொன்னவன் நான். நன்றாகத்தான் சுருக்கியிருக்கிறாய்.

இரும்புக் கிளை கழன்றது. டார்ச் வெளிச்சத்தில் மூடிகள் தெரிந்தன. ஒன்றின் நடுவில் துரு பூத்து, நடுவே ஈரம். வழி என்னவென்றால், மூடியின் நடுவில் கூரான இரும்பை வைத்துத் துளைத்து, நெம்பி வெளியே எடுப்பது. துளைத்தேன். உள்ளே இருந்தது தண்ணீராக வரவில்லை. கூழாக வந்தது. முழங்கையில் வழிந்தது. முகத்தில் தெறித்தது. கருப்பு, செம்பழுப்பு, அதற்குள் கட்டி கட்டியாக மஞ்சள். நாற்றத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அழுகிய கஞ்சித் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு மூடிவைத்தால் ஒருவேளை அப்படி வரும். நான் புரண்டு வெளியே வந்து வாந்தி எடுப்பதுபோல் குனிந்தேன். வரவில்லை. மஞ்சள் தூள் என்று தெரிந்தது. டிரைவர்கள் செய்வதுதான். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். சூட்டில் உப்பி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். சில நாளைக்கு நிற்கும். பிறகு உள்ளே வழியெல்லாம் அடைத்துக்கொண்டு வண்டி கொதிக்கும். ரோட்டில் கொதித்தது அதனால்தான். விற்ற ஆள் போட்டிருப்பான் என்று நினைத்தேன். அவளிடம் சொன்னேன். "பரங்கிப்பேட்டையில மஞ்சளக் கொட்டி வித்துட்டான்ம்மா."

டார்ச் அசையவில்லை. "இல்ல மாமா. நான்தான் போட்டேன்."

கல்யாணத்துக்கு முதல் நாள். சந்தனம் குங்குமம் வைத்து வண்டியை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே சொட்டுவதைச் சம்பந்தி பார்த்துவிட்டார். கொண்டுவந்துவிட்ட டிரைவர், மஞ்சள் போட்டால் நிற்கும் என்று சொன்னான். சம்பந்தி மாட்டேன் என்றார். பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி ரெண்டு மாசம் தவணை கேட்கிறேன் என்றார். சொல்ல மண்டபத்துக்குக் கிளம்பினார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். உள்ளே அவளுக்கு நலங்கு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அப்பா போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நலங்குக்கு இடிச்ச மஞ்சா கிண்ணத்துல நெறைய மிச்சம் இருந்துச்சு. எல்லாரும் சாப்புடப் போனப்ப எடுத்துட்டு வந்து கொட்டிட்டேன். மூஞ்சியில அப்பிக்கிட்டு இருந்தேனா, யாரும் ஒண்ணும் கேக்கல. கையெல்லாம் மஞ்சாதான இருக்கும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொட்டு நின்னிடுச்சுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். சாமி கும்புட்டாரு."

"ஏம்மா செஞ்சே?"

"கல்யாணம் நின்னுடுமோன்னு பயம் மாமா." டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டாள். "நின்னிருக்கலாம்."

நீ இதைப் படித்ததும் எழுந்து நிற்பாய். பார்த்தாயா, ஏமாற்று நடந்திருக்கிறது, நான் சொன்னேனே என்பாய். உட்கார். ஒரு பெண் தன் முகத்தில் பூசவேண்டிய மஞ்சளை எடுத்துத் துருப்பிடித்த இரும்புக்குள் கொட்டுகிறாள். எதற்காக? உனக்கு அவளைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. உனக்கு. கைக்குட்டை மடித்தவனுக்கு. எனக்கு அந்தக் கூழ் அருவருப்பாக இருந்தது என்று மேலே எழுதினேன். அது பெரிதில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் பாதி போய்விட்டது. அவள் சொன்னதைக் கேட்டபின் வந்த அருவருப்பு வேறு. அது உன் மேல், உன் மாமன் மேல், உன் அம்மா மேல், பாயில் உட்கார்ந்து கேசரி தின்ற என் மேல். அதைத் துடைக்கத் துணி இல்லை.

மிச்ச மூடிகளையும் எடுத்தேன். எல்லாமே அரித்திருந்தன. தெருக்குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக அவள் எடுத்துவந்து ஊற்ற, உள்ளே கம்பி விட்டுக் குத்திக் குத்தி வெளியேற்றினேன். கொட்டகைத் தரை முழுக்க மஞ்சள் சேறு. ரேடியேட்டரையும் கழற்றிக் கவிழ்த்துக் கழுவினோம். ஓட்டைகளின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்தபின், பசை தடவிப் புது மூடியை வைத்தேன். மூடி லேசாகக் குமிழ்ந்திருக்கும். குமிழ் வெளிப்பக்கம். நடுவில் மழுங்கிய இரும்பை வைத்து ஓங்கி ஓர் அடி. குமிழ் தட்டையாகும். தட்டையாவதால் விளிம்பு அகலும். அகன்று பிளாக்கைக் கவ்விக்கொள்ளும். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடிக்காம வைக்க முடியாதா மாமா?"

"முடியாதும்மா. அடி வாங்கினாதான் பிடிக்கும்."

"ஜாஸ்தி அடிச்சிட்டா?"

"உள்ள குழிஞ்சிடும். அப்புறம் பிடிக்காது. எடுத்துப் போட்டுட்டு வேறதான் வைக்கணும்."

அவள் அடுத்த மூடியை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் பூட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி, வண்டியைக் கிளப்பியபோது சம்பந்தி வந்துவிட்டார். கொட்டகையில் நின்று ஓடவிட்டோம். சூடு ஏறியது. நின்றது. அடியில் நான் காகிதம் விரித்திருந்தேன். காகிதம் காய்ந்தே இருந்தது. சம்பந்தி குனிந்து காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று அவளையும் அவரையும் ஏற்றிக்கொண்டு தேரோடும் நாலு வீதியும் சுற்றினேன். சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, காக்கி நிக்கரோடுதான். அவர் ஜன்னல் ஓரம் நிமிர்ந்து உட்கார்ந்து, கடை வாசலில் நின்றவர்களையெல்லாம் பார்த்துத் தலையசைத்தார். "நம்ம மாப்ள வண்டி. சரியாயிடுச்சு." ஒவ்வொருவரிடமும். தீபாவளிக்கு வராதவன் அந்த நாலு வீதியில் அவருக்கு மறுபடி மாப்பிள்ளையாகிவிட்டான். நல்ல மனுஷர். அவரைப் பார்க்கவும் எனக்கு அன்று கூசியது.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், உள்ளே குரல் கொடுத்ததுதான். "அந்த டிரங்குப் பெட்டிய எடுடி. புள்ளைக்குப் புடவையெல்லாம் அடுக்கு." சம்பந்தியம்மாள் பெட்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கை எண்ணெயும் சேறுமாக இருந்தது. "வண்டிக் கொறை தீந்துபோச்சு சம்பந்தி. கையோட அழைச்சிட்டுப் போயிடுங்க. இன்னிக்கு நல்ல நாளுதான்." கண்ணில் தண்ணீர். நீ எழுதிய நிபந்தனையை அவர் எவ்வளவு ஒழுங்காக மனப்பாடம் செய்திருக்கிறார் பார். மேற்படி குறை நிவர்த்தியானது. ஆகவே பெண் போகலாம். அதில் ஒரு தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய மனைவிக்கும் தோன்றவில்லை. பெட்டியில் மடித்துவைத்துக்கொண்டே இருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது நான் நினைத்திருந்ததும் அதேதான். வண்டியைச் சரிசெய்து, அதில் அவளை உட்காரவைத்து, உன் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவது. உன் நிபந்தனையை நான்தான் நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க மல்லாந்து படுத்து. அதற்குப் பெயர் நியாயம் என்று எண்ணிக்கொண்டு.

நான் கையை விடுவித்துக்கொண்டு அவளிடம் கேட்டேன். "நீ என்னம்மா சொல்றே?"

கூடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. பெண் பார்த்த அன்று கேட்கவில்லை. ஆடியில் கேட்கவில்லை. அவள் தாவணிப் பருவத்துப் பெண் அல்ல. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் டிகிரி முடித்திருப்பாள். இங்கேதான், ஊர்க்கோடியில், நான் படித்த அதே வகுப்பறைகளில். அவள் தூணில் சாய்ந்து நின்று தன் கையைப் பார்த்தாள். அதில் இரும்புத் துரு. என் கையில் இருந்த அதே துரு.

"வண்டிய எடுத்துட்டுப் போங்க மாமா" என்றாள். "நான் வரல."

"பைத்தியமா உனக்கு?" சம்பந்தி கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "வண்டி மட்டும் போனா ஊரு என்னா சொல்லும்?"

"வண்டிதானப்பா கேட்டாங்க. அது நல்லாயிடுச்சுன்னு நாலு வீதிக்கும் நீங்களே சொல்லிட்டீங்க."

"அப்ப நீ?"

"நான் ரிப்பேரு இல்லப்பா."

சம்பந்தியம்மாள் அழ ஆரம்பித்தார்கள். நான் சமாதானம் சொல்லவில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளை வண்டியில் ஏற்றியிருக்கலாம். அந்த வீட்டில் எல்லாரும் அதைத்தான் என்னிடம் எதிர்பார்த்தார்கள். பெரியவர், படித்தவர், மாப்பிள்ளையின் அப்பா. நான் வாய் திறந்திருந்தால் அவள் ஒருவேளை வந்தும் இருப்பாள். திறக்கவில்லை. என் வாழ்நாளில் பேசாமல் இருந்த எத்தனையோ தருணங்களுக்காக வெட்கப்பட்டிருக்கிறேன். இதற்காக இல்லை. வண்டி வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சாவியை என் சட்டைப் பையில் போட்டு, பையை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது அங்கே நின்றால் அவருக்கு அது வேறு மாதிரியான சாவு. வாங்கிக்கொண்டேன்.

ஆகவே உன் கார் செம்மண்டலத்தில் நிற்கிறது. வாசலில். உன் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் எங்கே என்று கேட்கவே மறந்துவிட்டாள். சாயங்காலம்தான் கேட்டாள். உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லும் யோக்கியதையும் குறைவு. ஒன்று மட்டும். சிதம்பரத்துக்குப் போவாய் என்றால், நான் வற்புறுத்தவில்லை, போவாய் என்றால், இந்த வண்டியில் போகாதே. ரயிலில் போ. ஸ்டேஷனிலிருந்து நட. அவள் கதவைத் திறக்காமல் இருக்கலாம். திறக்கும்படி அவள் அப்பாவை வைத்துச் சொல்லவைக்காதே. அவள் வகுப்புக்குத் திரும்பிப் போக விண்ணப்பம் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். மீதி எனக்குத் தெரியாது. அவளும் உனக்காக எந்த நிபந்தனையும் சொல்லி அனுப்பவில்லை. வண்டியைக் கிளப்பும்போது ஜன்னல் அருகே வந்தாள். அவனுக்கு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். யோசித்தாள். பிறகு, கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வண்டி நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க மாமா."

சொல்லிவிட்டேன்.

அப்பா